சூப்பர்வைசர் சம்மதிக்க வேண்டும்

திருப்பூரில் எந்த பனியன் கம்பெனிக்குப் போய், "சிறப்புப் பள்ளியிலிருந்து வருகிறோம்" என்று சொன்னாலும் முதலாளி எழுந்து நின்று வரவேற்பார். காபி வரும். தீபாவளிக்குத் துணி, பொங்கலுக்கு அரிசி, பிள்ளைகளுக்கு ஒருநாள் மதியச் சாப்பாடு, எதைக் கேட்டாலும் கிடைக்கும். ஊருக்கு அந்தக் கொடைக்குணம் உண்டு. எங்கள் பள்ளிக் கட்டடத்தில் பாதி அப்படி வந்த பணம்தான். ஆனால் "எங்கள் பையன் ஒருத்தனுக்கு வேலை கொடுங்கள்" என்று கேட்டாலும் அதே முதலாளி அதே வேகத்தில் சரி என்று சொல்லும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும். அவர் சரி சொன்ன பிள்ளைகளில் பலர் முதல் சனிக்கிழமைச் சம்பளத்தோடு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

முதலாளியின் கனிவு மாடியிலிருந்து இறங்கி பேக்கிங் செக்‌ஷனுக்கு வரும்போது உத்தரவாக மாறிவிடும். அந்த உத்தரவை வாங்கிக்கொள்கிறவர் லைன் சூப்பர்வைசர். அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒருமுறை ஒரு சூப்பர்வைசர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏனுங்க டீச்சர், மொதலாளி சொல்லிப்போட்டாரு, சரிங்க. நாளைக்கு ஷிப்மென்ட் நின்னுபோச்சுன்னா என்னையத்தானுங்க கேப்பாங்க? புண்ணியம் அவருக்கு, ஏச்சு எனக்கா?"

அன்றிலிருந்து நான் முதலாளியைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன்.

பனியன் தொழில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துணி கட்டிங் டேபிளில் வெட்டப்பட்டு, ஓவர்லாக் டெய்லர், பேட்லாக் டெய்லர், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று கைமாறிக்கொண்டே போகும். ஒருவர் கையில் பீஸ் தேங்கினால் அடுத்தவர் சும்மா உட்கார வேண்டும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்குச் சும்மா உட்காருகிற நேரமெல்லாம் சம்பள நஷ்டம். அவர் சூப்பர்வைசரிடம் கத்துவார். சூப்பர்வைசரிடம் புரொடக்‌ஷன் மேனேஜர் கத்துவார், அவரிடம் மெர்ச்சன்டைசர், மெர்ச்சன்டைசரிடம் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருக்கிற பையர். இந்த வரிசையின் நடுவில் நிதானமாக வேலை செய்கிற ஒரு பையனைக் கொண்டுபோய் நிறுத்தினால் அவனை யாரும் திட்டக்கூட வேண்டாம், எதிரே குவிகிற பீஸே அவனை விரட்டிவிடும். தோற்றது அவன் என்று எல்லோரும் சொல்வார்கள். நிறுத்திய இடம் தப்பு.

ஆகவே பள்ளிக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தம் என்பது எனக்கு முதலில் ஒரு நாற்காலியில் தொடங்குகிறது. செக்கிங், பேக்கிங் நடக்கிற இடத்தில் ஒரு மூலையில் நாற்காலி போட்டுக்கொண்டு காலை எட்டரையிலிருந்து டீ டைம் வரை, மறுபடி சாப்பாடு வரை உட்கார்ந்து பார்ப்பேன். யார் எதற்காக எழுந்து போகிறார்கள், எது தீர்ந்துபோய் யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாலே தெரிந்துவிடும். அதன் பிறகு சூப்பர்வைசரிடம் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: "எந்த வேலைக்கு உங்களுக்கு ஆள் நிற்க மாட்டேன் என்கிறது?"

இதற்குப் பதில் சொல்லாத சூப்பர்வைசரை நான் பார்த்ததில்லை. பிசிர் வெட்ட ஆள் நிற்பதில்லை. தைத்த பீஸை உள்வெளியாகத் திருப்பிப் போட ஆள் நிற்பதில்லை. ஸ்டிக்கர் ஒட்ட, பாலிபேக் போட, அட்டைப் பெட்டி மடக்கி டேப் ஒட்ட, டெய்லருக்குப் பண்டில் எடுத்துக் கொடுக்க ஆள் நிற்பதில்லை. ஹெல்பராகச் சேர்கிற எந்தப் பிள்ளையும் டீ டைமில் மெஷினில் உட்கார்ந்து பழகி, மூன்று நான்கு மாதத்தில் டெய்லராகிவிடும். இல்லையென்றால் பத்து ரூபாய் கூடக் கிடைக்கிற பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடும். அது நியாயமும்கூட. இந்தக் காலியிடத்தில்தான் எங்கள் பிள்ளைகளுக்குக் கதவு இருக்கிறது. பிசிர் வெட்டுவதில் சலிப்புத் தட்டாத, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிற, வருடக்கணக்கில் அதே டேபிளில் இருக்கப்போகிற ஒரு ஆள் என்று சொன்னால் சூப்பர்வைசர் நிமிர்ந்து உட்காருவார். மேல்மாடியில் பேசிய புண்ணியக் கணக்கை அவரிடம் நான் பேசுவதே இல்லை.

சிறப்புப் பள்ளிகளிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. தொழிற்பயிற்சிக் கூடம் என்று ஒன்று எல்லாப் பள்ளியிலும் இருக்கும். உள்ளே போனால் மெழுகுவத்தி, காகித உறை, பினாயில், கால்மிதி, கார்த்திகைக்கு வண்ணம் தீட்டிய அகல் விளக்கு. கண்காட்சியில் மேசை போட்டு விற்போம். வாங்குகிறவர்கள் விளக்குக்காக வாங்குவதில்லை. பதினெட்டு வயது வரைக்கும் ஒரு பையன் மெழுகு ஊற்றப் பழகுகிறான். பிறகு அவனை பனியன் ஊரில் விடுகிறோம். மெழுகு ஊற்ற ஆள் தேடுகிற கம்பெனி ஒன்றுகூட நம் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. பள்ளிக்கு மனசு இருக்கிறது, ஊரைப் பார்க்கிற கண் இல்லை.

நாங்கள் நன்கொடைப் பட்டியலை மாற்றினோம். அரிசிக்குப் பதில் பழுதான பீஸ் கேட்டோம். டேமேஜ் ஆகி ஒதுக்கிய டி-ஷர்ட் ஒரு மூட்டை, ஆர்டர் முடிந்து மிச்சமான ஹேங் டேக், பழைய டேக் கன், கிழிந்த அட்டைப் பெட்டி, பாலிபேக் கட்டு. முதலில் கேட்டவர்கள் சிரித்தார்கள். "இதையெல்லாம் வெச்சு என்னத்தைங்க பண்ணுவீங்க?" வகுப்பறையில் பெஞ்சை எடுத்துவிட்டு நின்று வேலை செய்கிற உயரத்தில் டேபிள் போட்டோம். எட்டரைக்கு மணி, பத்தரைக்கு டீ, அதற்கும் மணி. டியூப் லைட் வெளிச்சம், மெஷின் சத்தத்துக்கு ஒலிப்பதிவு. சத்தம் தாங்காத பிள்ளைகள் யார் என்று கம்பெனிக்குப் போகும் முன்பே தெரிந்துகொள்ள அந்த ஒலிப்பதிவு மிகவும் உதவியது. ஆட்டிசம் உள்ள ஒரு பையன் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். அவனை பேக்கிங் கோடவுனுக்குத்தான் அனுப்ப வேண்டும், டெய்லரிங் ஹாலுக்கு அல்ல என்று அப்போதே முடிவாயிற்று.

பெரியவன் என்று வகுப்பில் எல்லோரும் கூப்பிடுகிற ஒரு பையன் இருந்தான். ஆள் உயரம், பேச்சு குறைவு, எண்ணிக்கை நான்குக்கு மேல் போகாது, எழுத்து தெரியாது. அவனுக்கு டி-ஷர்ட் மடிக்கச் சொல்லிக்கொடுத்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

பார்க்கிறவர்களுக்கு மடிப்பது ஒரே வேலை. கிட்டப் போனால் அதற்குள் ஒரு டஜன் வேலை இருக்கிறது. பீஸை முன்பக்கம் கீழே இருக்கும்படி விரிக்க வேண்டும். கழுத்து தன் பக்கம் வர வேண்டும். கையால் ஒருமுறை நீவ வேண்டும். மடிக்கிற அட்டையைக் கழுத்துப்பட்டையின் அடியில் நடுவாக வைக்க வேண்டும். வலது ஓரத்தை அட்டையின் விளிம்பு வரை கொண்டுவந்து, டி-ஷர்ட்டின் கையை மட்டும் திருப்பி நேராக்க வேண்டும். இடதும் அப்படியே. அடிப்பக்கத்தை மேலே மடக்கி, அட்டையை உருவி, திருப்பிப் போட்டு, லேபிளும் ஸ்டிக்கரும் ஒன்றா என்று பார்த்து, பாலிபேக்கில் நுழைத்து, டேப்பை உரித்து ஒட்ட வேண்டும். பெரியவன் எல்லாவற்றையும் செய்தான், ஒன்றைத் தவிர. கை மடிப்பைத் திருப்புகிற இடத்தில் நின்றுவிடுவான். எத்தனை தடவை காட்டினாலும் அங்கே கை நின்றது. கடைசியில் அட்டையின் பின்பக்கம் மார்க்கரால் ஒரு சாய்ந்த கோடு போட்டோம். துணியின் கை அந்தக் கோட்டின்மேல் படுக்க வேண்டும், அவ்வளவுதான். மதியத்துக்குள் பிடித்துக்கொண்டான்.

சைஸ் விஷயம் எங்களுக்குப் பயமாக இருந்தது. எஸ், எம், எல் என்று அவனுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் வாசிக்கத் தேவையில்லை. லேபிளில் இருக்கிற உருவமும் ஸ்டிக்கரில் இருக்கிற உருவமும் ஒன்றாக இருந்தால் போதும். ஒன்றைப் போல் ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பதில் அவன் எங்களைவிடக் கெட்டி. எக்ஸ்எல் லேபிளுக்கு எல் ஸ்டிக்கர் வந்தால் உடனே தூக்கித் தனியாக வைப்பான். பெட்டிக்குள் ரேஷியோ பேக்கிங் என்று ஒன்று உண்டு. எஸ் ஒன்று, எம் இரண்டு, எல் இரண்டு, எக்ஸ்எல் ஒன்று என்று பையர் கேட்கிற விகிதத்தில் அடுக்க வேண்டும். நாலுக்கு மேல் எண்ணத் தெரியாதவனுக்கு ஆறு எப்படி? ஒரு பலகையில் ஆறு கட்டம் வரைந்து, கட்டத்துக்குள் எழுத்தை எழுதி வைத்தோம். கட்டம் நிறைந்தால் பெட்டிக்குள் போகும். ஒரு கட்டம் காலியாக இருந்தால் போகாது. கம்பெனியில் அந்தப் பலகையைப் பார்த்த சூப்பர்வைசர், புதிதாகச் சேர்ந்த மற்ற ஹெல்பர்களுக்கும் அதேபோல் நாலைந்து அடிக்கச் சொல்லிவிட்டார். ஷார்ட்டேஜ் புகார் குறைந்ததாம்.

இதில் எங்கள் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்பவர் 1970களில், ஒன்றும் செய்யத் தெரியாது என்று ஒதுக்கப்பட்டவர்களை வைத்து சைக்கிள் பிரேக்கைப் பாகம் பாகமாகப் பூட்ட வைத்துக் காட்டினார். வேலையை எவ்வளவு சின்னதாகப் பிரிக்கலாம் என்பது சொல்லிக்கொடுக்கிறவரின் பொறுப்பு, பிள்ளைக்கு வரவில்லையென்றால் இன்னும் சின்னதாகப் பிரி என்பதுதான் அவருடைய வாதம். பயிற்சியில் ஒரு பக்கப் பாடமாகப் படித்தபோது அது எனக்கு ஏறவில்லை. அட்டையில் அந்தச் சாய்ந்த கோடு விழுந்த பிறகு ஏறியது.

சட்டத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பெற்றோர் முதலில் கேட்பது அரசாங்க வேலை. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டம் அரசுப் பணியில் 3 சதவீதம் ஒதுக்கியது. பார்வைக்கு ஒன்று, செவிக்கு ஒன்று, கை கால் இயக்கத்துக்கு ஒன்று. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு அதில் பங்கே இல்லை. 2016 சட்டம் வந்த பிறகுதான் ஒதுக்கீடு 4 சதவீதமாகி, அந்தக் கூடுதல் ஒன்றை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லோரும் பகிர்ந்துகொள்ளும்படி ஆயிற்று. அதையும் எட்ட ஒரு தேர்வு, ஒரு சான்றிதழ், ஒரு படிப்பு வேண்டும். எங்கள் வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது எட்டாது. ஆகவே கம்பெனிதான்.

தனியாருக்கு 2016 சட்டம் கட்டாயம் எதுவும் வைக்கவில்லை என்று நினைக்கிறார்கள். ஒதுக்கீடு இல்லை என்பது உண்மை. அரசு தன் பொருளாதார வசதிக்குள், தனியார் ஆள்பலத்தில் 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகள் இருக்கும்படி ஊக்கம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடமானால் எந்தெந்த வேலை இவர்களுக்குப் பொருந்தும் என்று அதில் சொல்ல வேண்டும், அதைக் கவனிக்க ஒரு ஆளையும் நியமிக்க வேண்டும். எத்தனை கம்பெனிகளின் எச்.ஆர். மேசையில் அந்தக் காகிதம் இருக்கிறது என்று நான் கேட்பதுண்டு. கேட்டால் தேநீர் வரும். 2008இல் மத்திய அரசு அறிவித்த திட்டமும் அப்படித்தான்: மாதச் சம்பளம் 25,000 ரூபாய் வரை உள்ள மாற்றுத்திறனாளிக்கு முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பங்கை முதல் 3 ஆண்டுக்கு அரசே கட்டும் என்றது. அதைச் சொல்லி வேலை வாங்கிவிடலாம் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் சொன்னார்கள். என் அனுபவத்தில், பி.எஃப். மிச்சமாகும் என்பதற்காகப் பிள்ளையை எடுத்த கம்பெனி ஒன்றும் இல்லை. எடுக்க முடிவு செய்த கம்பெனிக்கு, கணக்குப் பிள்ளையைச் சமாதானப்படுத்த அது ஒரு சாக்காக உதவியது.

கசப்பான அனுபவங்களும் உண்டு. ஒரு கம்பெனியில் எங்கள் பிள்ளைகள் நான்கு பேரைப் பயிற்சியாளர் என்று எடுத்தார்கள். பயிற்சிக்கு உதவித்தொகை, பஸ் செலவு, மதியச் சாப்பாடு. நல்லதுதான். ஆனால் பயிற்சி முடியவே இல்லை. மற்ற ஹெல்பர் மடிப்பதில் முக்கால்வாசி எங்கள் பெண் ஒருத்தி மடிக்க ஆரம்பித்த பிறகும் அவள் பயிற்சியாளர்தான். கேட்டால், "அதுகளுக்குப் பணம் எதுக்குங்க, பொழுது போகுதல்ல" என்றார் மேலாளர். திருப்பூரில் சம்பளம் என்பது தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் உட்கார்ந்து பேசி முடிக்கிற ஒப்பந்தம். அதில் பொழுதுபோக்குக்கு என்று தனி ரேட் கிடையாது. பிள்ளைகளைத் திரும்ப அழைத்துக்கொண்டோம். பெற்றோர் எங்கள் மேல்தான் கோபப்பட்டார்கள். இப்போது எங்கள் ஒப்பந்தக் காகிதத்தில் பயிற்சி முடிகிற தேதி எழுதப்பட்டிருக்கும். அந்தத் தேதியில் சம்பளம் என்ன என்பதும் எழுதியிருக்கும். பீஸ் ரேட் என்றால் மற்றவருக்கு எவ்வளவோ அதே ரேட். மெதுவாகச் செய்தால் குறைவாக வரட்டும், அது கணக்கு. ரேட்டைக் குறைத்தால் அது வேறு.

இன்னொரு இடத்தில் பையர் ஆடிட் வருகிற நாளில் மட்டும் போன் வரும்: "டீச்சர், நாளைக்கு உங்க பசங்க ரெண்டு பேரை யூனிபார்ம் போட்டு அனுப்புங்க." ஆடிட்டர் கடந்துபோனதும் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டாம் முறை கேட்டபோது பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றேன். இரண்டு பேருக்குமா என்று கேட்டார். பள்ளிக்கே என்றேன்.

காது கேளாத பிள்ளைகள் விஷயம் முற்றிலும் வேறு. எங்கள் டிரஸ்ட்டின் இன்னொரு பள்ளியிலிருந்து வருகிற இவர்கள் டெய்லரிங்கில் பறப்பார்கள். மெஷின் சத்தம் இவர்களுக்குத் தொல்லை இல்லை. ஊசி முனையிலிருந்து கண் நகராது. கம்பெனிக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை, இவர்கள் பேச மாட்டார்கள், அதனால் வேலை ஓடும் என்று. முதல் வாரத்திலேயே அது பொய்த்துவிடும். கையில் பேசுகிறவர்கள் ஹாலின் அந்த முனைக்கும் இந்த முனைக்கும் பேசிக்கொள்வார்கள். வாயால் பேசுகிறவர்களால் அது முடியாது. அதனால் ஒரு கம்பெனிக்கு ஒருவரைத் தனியாக அனுப்பவே மாட்டேன். தனியாகப் போன பிள்ளை மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு வரும். வேலை பிடித்திருந்தும் ஆறே மாதத்தில் நின்றுவிடும். மூன்று பேராவது சேர்ந்து போக வேண்டும். சூப்பர்வைசருக்கு டேமேஜ், சைஸ் மாறிவிட்டது, நிறுத்து, நூல் மாற்று, டீ ஆகிய சைகைகளைச் சொல்லிக்கொடுப்போம். டீ சைகையை எல்லோரும் ஒரே தடவையில் பிடித்துக்கொள்வார்கள். சம்பளச் சண்டை, லீவு, உடம்பு சரியில்லை என்றால் வாட்ஸப் வீடியோவில் என்னைக் கூப்பிட்டு நடுவில் வைத்துப் பேசுவார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு வருகிற வீடியோ கால் பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட் பற்றியதாக இருக்கும்.

ஒப்பந்தத்தில் இவர்களுக்காக நான் விட்டுக்கொடுக்காத ஒரு பிரிவு தீ எச்சரிக்கை. சைரன் மட்டும் இருந்தால் போதாது, மின்னுகிற விளக்கு வேண்டும், டாய்லெட்டுக்குள்ளும் வேண்டும். பெரிய கம்பெனியில் உடனே செய்துவிடுவார்கள். சின்ன கம்பெனியில் இழுப்பார்கள். ஒரு இடத்தில் எலக்ட்ரீஷியன், கல்யாண வீட்டு சீரியல் லைட்டைக் கொண்டுவந்து சைரனோடு இணைத்துவிட்டார். மின்னியது. ஒத்துக்கொண்டேன்.

பெற்றோரைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரையாகும். வேலைக்கு அனுப்பப் பயப்படுகிற தாயை நான் குறை சொல்ல மாட்டேன். பெண் பிள்ளை என்றால் இன்னும் சொல்ல மாட்டேன். பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்காருவார்கள், டாய்லெட் எங்கே இருக்கிறது, இருட்டுவதற்குள் வருவாளா என்று அவர்கள் கேட்பதுதான் சரியான கேள்விகள். அதனால் வேலைக்குச் சேர்வதற்கு முன் அம்மாவை ஒருநாள் கம்பெனிக்குக் கூட்டிப்போய் டேபிளைக் காட்டி, சூப்பர்வைசரோடு டீ குடிக்க வைப்போம். இரண்டு பேரும் ஒரே ஊர்ப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பஸ் பயணத்தை வேலைக்கு முன்பே பழக்குவோம்: நம்பர் பார்த்து ஏற, நிறுத்தம் பார்த்து இறங்க. 2021இல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வருகிற ஒருவருக்கும் இலவசம் என்று வந்தது பெரிய ஆறுதல். பழக்குகிற மாதங்களில் அம்மாவும் கூடப் போய் வரச் செலவில்லை.

அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத பயம் உதவித்தொகை. வேலைக்குப் போனால் மாதாமாதம் வருகிற பணம் நின்றுவிடுமோ? அந்தப் பணம் எந்தக் கம்பெனி மூடினாலும் வரும், கம்பெனி அப்படியில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடியபோது இந்த ஊர் எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆகவே, "அதை விடுங்கள், வேலை பெரிது" என்று நான் சொல்வதில்லை. அவரவர் திட்டத்தின் விதியை அலுவலகத்தில் கேட்டு, எழுதி வாங்கிக் கொடுத்த பிறகுதான் அந்தப் பேச்சே.

சம்பளம் யார் கைக்கு என்பது அடுத்த சிக்கல். பதினெட்டு வயது முடிந்த அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையின் பெயரில் கணக்குத் தொடங்கப் போனால் வங்கியில் சட்டப்படியான காப்பாளர் சான்று கேட்பார்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் இருக்கிற உள்ளூர்க் குழுதான் அதைத் தரும். அம்மா அப்பாவே கூட அதற்கு மனுப் போட வேண்டும் என்றால் அவர்களுக்கு முதலில் புரியாது: "நான் பெத்ததுக்கு நானே எதுக்குங்க மனு எழுதோணும்?" இப்போது பதினேழு வயதிலேயே காகித வேலையை ஆரம்பித்துவிடுகிறோம். பெரியவனின் முதல் சம்பளத்தை அவன் அப்பா முழுசாக வாங்கிக்கொண்டார். மறுவாரம் அவன் வேலைக்குக் கிளம்பவில்லை. என்ன கேட்டும் பதில் இல்லை. சூப்பர்வைசர் அம்மாதான் கண்டுபிடித்தார்: மற்றவர்கள் சனிக்கிழமை மாலை கடையில் பரோட்டா வாங்கிக்கொண்டு போவதை அவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். வாரத்துக்கு நூறு ரூபாய் அவன் கையில் என்று பேசி முடித்தோம். திங்கட்கிழமை எட்டு இருபதுக்கு வாசலில் நின்றான்.

இந்த வேலையில் எனக்கு முன்மாதிரி எது என்று கேட்பார்கள். ஓசூரில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கிய காலத்திலிருந்தே மாற்றுத்திறனாளிகளை எடுத்து வருவதைச் சொல்வேன். பெரிய நிறுவனம் மனது வைத்தால் எத்தனை வருடம் தொடரலாம் என்பதற்கு அது சாட்சி. ஆனால் நான் அதிகம் பொறாமைப்பட்டது சின்சினாட்டியில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையைப் பார்த்து. 1996இல் அங்கே அவசரச் சிகிச்சைப் பிரிவைக் கவனித்துவந்த எரின் ரீல் என்ற செவிலியர், மருத்துவச் சாமான்களை அலமாரியில் அடுக்கி நிரப்புகிற வேலைக்கு ஆள் நிற்காததைப் பார்த்து, வளர்ச்சிக் குறைபாடு உள்ள இளைஞர்களைப் பழக்கினார். பிறகு அது ப்ராஜெக்ட் செர்ச் என்ற திட்டமாகிப் பல நாடுகளுக்குப் பரவியது. அதில் பள்ளியின் கடைசி ஆண்டில் மாணவர் பள்ளிக்கே வருவதில்லை. வகுப்பறை வேலையிடத்துக்குள் இருக்கும், ஆசிரியரும் அங்கேயே இருப்பார், மாணவர் வேறு வேறு பிரிவுகளில் மாறி மாறிப் பழகுவார். அந்தச் செவிலியரும் ஆள் நிற்காத வேலையிலிருந்துதான் தொடங்கினார் என்று படித்தபோது சந்தோஷமாக இருந்தது.

அதைச் சொல்லி ஐந்தாறு கம்பெனிகளில் ஒரு அறை கேட்டேன். ஒரு கம்பெனி கொடுத்தது. கோடவுன் பக்கத்தில், ஃபேன் உண்டு, ஜன்னல் இல்லை. இரண்டு வருடம் கேட்டு ஜன்னலும் வந்தது. அங்கே காலை ஒரு மணி நேரம் பாடம்: நேரம் பார்ப்பது, பணம் எண்ணுவது, யாராவது கை வைத்தால் கத்துவது, யாரிடம் சொல்வது. பிறகு ஆளுக்கொரு டேபிள். நான் அங்கே உட்கார்ந்திருப்பதால் சூப்பர்வைசர்கள் சின்ன விஷயங்களுக்கும் எட்டிப்பார்த்துக் கேட்கிறார்கள். பள்ளியில் இருந்தால் போன் பண்ண மாட்டார்கள்; பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வேண்டாங்க" என்று ஒரேயடியாக நிறுத்திவிடுவார்கள். வேலை போவது பெரும்பாலும் பெரிய தப்பால் அல்ல. மதியம் கை கழுவாமல் பீஸைத் தொட்டது, எல்லோருக்கும் போய்க் கை கொடுத்துக்கொண்டே இருந்தது, ஒரு பெண்ணின் தலைப்பூவைத் தொட்டுப் பார்த்தது போன்றவைதான். இவை அன்றே பேசித் தீர்க்கக்கூடியவை, ஆள் அங்கே இருந்தால்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எல்லாம் நின்றது. பல மாதம் வீட்டில் இருந்த பிள்ளைகள் பலருக்கு நேரத்துக்கு எழுவதே மறந்துபோனது. கம்பெனிகள் திறந்தபோது முதலில் டெய்லர்களைக் கூப்பிட்டார்கள், நியாயம்தான். எங்கள் பிள்ளைகளில் யார் யார் திரும்பிப் போனார்கள் என்று பார்த்தேன். முதலாளி நல்லவரா, கம்பெனி பெரியதா என்பதெல்லாம் அதில் பெரிதாக வேறுபாடு காட்டவில்லை. எந்த சூப்பர்வைசர் வீட்டுக்கு போன் பண்ணிக் கேட்டாரோ அந்தப் பிள்ளைகள் போனார்கள். பெரியவனின் சூப்பர்வைசர் அம்மா போனில் பேசிப் பயனில்லை என்று ஸ்கூட்டியில் அவன் வீட்டுக்கே போய், ஒரு ஷிப்மென்ட் நிற்கிறது என்று அவன் அம்மாவிடம் சண்டை போட்டுக் கூட்டிப்போனார்.

இப்போது புதுத் தலைவலி மெஷின். பிசிரை உறிஞ்சி எடுக்கிற மெஷின் வந்துவிட்டது. மடித்து பாலிபேக்குக்குள் போட்டுத் தருகிற மெஷினும் பெரிய கம்பெனிகளில் வந்துவிட்டது. நான் இருபது வருடமாகச் சொல்லிக்கொடுத்த இரண்டு வேலைகள் இவை. பதறிப்போய் மறுபடியும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். மடிக்கிற மெஷினுக்கும் ஒருவர் பீஸை ஒவ்வொன்றாகக் கழுத்து நேராக விரித்து வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கோணலாக வைத்தால் மெஷின் நிற்கும். அந்த இடத்துக்கு ஆள் நிற்கிறதா என்று கேட்டேன். "எங்கீங்க நிக்குது," என்றார் சூப்பர்வைசர்.

ஆகவே வகுப்புக்கு ஒரு பழைய மெஷின் கேட்டேன். கேட்ட கம்பெனி கொடுத்தும்விட்டது. வண்டி வைத்து இறக்கினார்கள். அது காற்றில் ஓடுகிற மெஷின். கம்ப்ரஸர் இல்லாமல் அசையாது. அடுத்த வாரம் அனுப்பிவிடுகிறேன் என்று ஸ்டோர்காரர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதுவரை பிள்ளைகள் மெஷின் மேல் பீஸை விரிக்கிறார்கள். மடித்து எடுக்கிற வேலையை நான் செய்கிறேன். கோணலாக வைத்தால் நான் நின்றுவிடுகிறேன்.